நான் எரித்த கலண்டர்

போன வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து எனக்குப் பழக்கமான அரிசி முதலாளி ஒருவர் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தார். தலையைத் தடவினார்.

"பொஞ்சாதிட கொற தீந்திட்டு போல, ஹாஜியார்?"

நான் சொன்னேன் — "ஓம்."

கதவுக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பையோடு என் மனைவி நின்றாள். கேட்டிருப்பாள். அந்த 'ஓம்' ஒரு வாரமாக என் காதிலேயே கேட்கிறது...

என்னைத் தெரியாதவர்கள் உண்டா? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நெல்லை ஒரு கடி கடித்தே ஈரம் சொல்வேன். நிந்தவூரில் சொந்த மில். என் பெயர் போட்ட கலண்டர் கல்முனை முதல் பொத்துவில் வரை தொங்கியது. ஊருக்கு டீ.வி. வராத காலம் — சுவருக்கு வேறென்ன அழகு?

என் வீட்டிலும் ஒன்று தொங்கியது. அதில் மனைவி பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தாள். நாளுக்கு நாள் குட்டிக் குட்டி இலக்கம். சில நாள்களைச் சுற்றி வட்டம்.

"இது என்ன புள்ள?"

"உட்ட நோன்புக் கணக்கு."

மாதவிடாய் நாள்களில் விட்ட நோன்பைப் பெண்கள் பிறகு பிடிக்க வேண்டும். அதைத்தான் எண்ணுகிறாள் என்று நினைத்தேன். ரமழான் ஒரு மாதம்தான்; வருடம் முழுக்கவா நோன்பு விடுவாள்? இந்தக் கேள்வி அன்றைக்கு எனக்கு வரவில்லை.

ஒருநாள் இதே முதலாளி பகல் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. கிறுக்கிய கலண்டர் அவர் கண்ணில் படலாமா? கழற்றினேன்.

"அத எடுக்காதீங்க... எனக்குத் தேவ இரிக்கி."

"மில்லுல நூறு கலண்டர் கிடக்கு. புதுசு தாறன்."

ஆறு மாதத் தாள்களும் நெல் அவிக்கிற அடுப்புக்குள் போயின. என் கையால்தான்.

சாப்பிடும்போது முதலாளி பிள்ளைகளை விசாரித்தார். கலியாணம் முடித்து ஏழு வருடம், பிள்ளை இல்லை. நான் சத்தமாகவே சொன்னேன் — "எனக்கென்ன கொற? கொற அவளுக்குத்தான்."

கதவுக்குப் பின்னால் கறிச் சட்டி வைக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு கிழமை கழித்து மனைவி என்னை லேடி டொக்டரிடம் கூட்டிப்போனாள். என் பெருமையை நான் தொடங்கு முன்னரே டொக்டர் அவளிடம் கேட்டார்.

"ஆறு மாசம் எழுதச் சொன்னனே, எங்க?"

"தொலஞ்சி போயிட்டு, டொக்டர்."

என் பக்கம் திரும்பவே இல்லை அவள்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. விடியற்காலையில் நான் சுபஹுத் தொழப் பள்ளிவாசலுக்குப் போன பிறகு, படுக்கையை விட்டு எழும்பாமலே தெர்மாமீட்டரை வாயில் வைத்துப் பார்த்த உடம்புச் சூடுதான் அந்த இலக்கம். வெள்ளைப்படுவது முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும் நாள்களுக்கு வட்டம். கரு தங்கக்கூடிய நாள்கள். என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு நோன்பைச் சாட்டியிருக்கிறாள்.

முதலிலிருந்து மறுபடி எழுதினாள். மூன்று மாதம் போனதும் டொக்டர் பார்த்தார்.

"இந்த வட்டம் போட்ட நாள்ல ஹாஜியார் எங்க?"

"பொத்துவில்ல... நெல் எடுக்க."

"போன மாசம்?"

"பொத்துவில்ல."

"அதுக்கு முதல் மாசம்?"

இந்தத் தடவை மனைவி என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன் — "பொத்துவில்ல."

"இனிப் பொத்துவிலுக்கு வேற ஆள அனுப்புங்க."

அனுப்பினேன். அந்த வருடம் முடிய முன் மகள் அவள் வயிற்றில்.

வரம்பில் நின்றே நெல் கதிர் தள்ளும் நாளைச் சொல்கிறவன் நான். ஒரே கூரைக்குள் ஏழு வருடம் இருந்தும் இவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா?

வெள்ளிக்கிழமை முதலாளி போன பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் அப்பிடிச் சொல்லியிருக்கப்படாது" என்றேன்.

"கலண்டர எரிச்சத டொக்டருக்கிட்டயே சொல்லி உங்களக் காட்டிக் குடுக்கல்ல. இப்ப என்னத்துக்கு? கோப்பய எடுங்க, கழுவணும்."

முதலாளி, நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகை உங்கள் கடைக்கும் வருகிறது. குறை அவளுடையதல்ல. அந்த 'ஓம்'மைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.