பூட்டிய வீட்டில் சுற்றிய ஆன்டெனா

நான் இருந்தேன். என் மனைவி ஸ்டெல்லா இருந்தாள். பக்கத்துத் தோட்டத்து போஜன் இருந்தார். நாலாவது ஆள், வீட்டுக்காரர் சார். அவர் இருந்தாரா, இல்லையா... அதுதான் இந்த வாரக் குழப்பம்.

மலைமேல் கேத்தியில் பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உங்களுக்குத் தெரியும். சார் கோயம்புத்தூர்க்காரர். மாடியில் ஹாம் ரேடியோ வைத்திருக்கிறார். தூர தேசத்து ஆட்களோடு பேசுகிற ரேடியோ. இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து மலையேறுவதில்லை. போன வாரம் அவர் மருமகன் மட்டும் வந்தார். ஏதோ ஒயர் மாட்டினார். போய்விட்டார். என்ன என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிறு. பூசை முடிந்து வந்தோம்.

"ஏனுங்க, சார் ஊட்டு ஆன்டெனா சுத்துதுங்க," என்றாள் ஸ்டெல்லா.

காற்று இல்லை. ஒரே மிஸ்ட். கம்பத்தின் உச்சியில் ஆன்டெனா தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

போஜன் கேரட் மூட்டையை இறக்கிவிட்டு வந்தார். "குரங்குங்களா?"

"குரங்கு இவ்வளவு நிதானமாவா சுத்தும்?" என்றாள் ஸ்டெல்லா.

கதவைத் திறந்தோம். ஆள் இல்லை. மாடியில் ரேடியோப் பெட்டி மட்டும் விளக்கெரிந்து இரைந்துகொண்டிருந்தது. பூட்டிய வீட்டில் எது ஓடினாலும் முதலில் மெயினை அணைக்க வேண்டும். எங்கள் வேலையில் அதுதான் பழக்கம். அணைத்தேன். ஆன்டெனா நின்றது.

உடனே போன். சார்.

"அந்தோணி, கரண்ட் போயிருச்சா?"

"இல்லீங்க சார். நான்தான் அணைச்சேன். யாரோ உள்ள பூந்து ஆன்டெனாவைத் திருப்பறாங்க."

"அது நான்தான்ப்பா."

"நீங்க கோயம்புத்தூர்ல இல்லீங்களா?"

"ஆமா. இங்கிருந்தே இன்டர்நெட்ல ஓட்டறேன். மெயினைப் போடு, சீக்கிரம்."

அவசரம் என்னவென்று அப்புறம்தான் சொன்னார். பினாங்கில் ஒரு நண்பர். இருபது வருடமாக ஞாயிறு பத்து மணிக்கு ரேடியோவில் பேசுவார்கள். நேரில் பார்த்ததில்லை. நண்பருக்கு நாளைக்கு இருதய ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி. இன்றைக்கு விட்டால்... சார் முடிக்கவில்லை.

"போன் போட்டுரலாமே சார்?"

"போன்ல நாங்க பேசினதே இல்லப்பா."

இன்டர்நெட் இருக்கிறது. போன் இருக்கிறது. குரல் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி, எங்கள் கம்பத்திலிருந்து பினாங்குக்குப் போக வேண்டுமாம். ஏன்? எனக்கு விளங்கவில்லை. மெயினைப் போட்டேன்.

பெட்டி எரிந்தது. ஆனால் ஆன்டெனா எந்தப் பக்கம் நிற்கிறது என்று சாருடைய கம்ப்யூட்டருக்கு மறந்துவிட்டது.

"கிழக்கே நிக்கணும். பார்த்துச் சொல்லு."

"கிழக்கு எதுங்க சார்?"

"வெயில் வர்ற பக்கம்ப்பா."

"இன்னைக்கு வெயிலே இல்லீங்க."

"நேத்து எங்கே வந்துச்சு?"

"நேத்தும் மிஸ்ட்டுங்க."

போஜன் போனைப் பிடுங்கினார். "சார், எங்க ஊட்டு வாசல் கிழக்கே பார்க்குதுங்க. அது பார்க்கற பக்கமே திருப்புங்க, நான் சொல்றேன்... இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும், நிறுத்துங்க."

கோயம்புத்தூரில் ஒருவர் விரல் வைக்க, இங்கே ஆன்டெனா போஜன் வீட்டு வாசல் பார்க்கிற பக்கமே பார்த்து நின்றது.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு வயசான குரல் வந்தது. "ஐயா, இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்," என்றார் சார், ஸ்பீக்கரில் போட்டிருந்த போனுக்குள்ளிருந்து.

எங்கே இருக்கிறார்? நான் கேட்கவில்லை. பினாங்குக்காரர் குரல் பெட்டியில் ஒரு முறை, சார் பக்கமிருந்து போனில் ஒரு முறை, இரண்டு தடவை கேட்டது.

இருவரும் மழை பற்றிப் பேசினார்கள். சத்தம் தெளிவாக இருக்கிறது என்றார்கள். புது ஒயர் பற்றிப் பேசினார்கள். திரும்ப மழை. "சரி ஐயா, அடுத்த ஞாயிறு." "அடுத்த ஞாயிறு." பெட்டி இரைச்சலுக்குத் திரும்பியது. போனில் சார் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அவ்வளவுதானுங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றேன். ஆபரேஷன் என்ற சொல் வந்தது எத்தனை தடவை?

பூஜ்யம்.