பூட்டி வைத்த ரெசின்

போன கிழமை நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் ஒரு கருத்தரங்கு. மண்டபத்துக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் மனம் நான் முன்பு வேலை செய்த மீன்பிடி வள்ளப் பட்டறைக்கு ஓடிவிட்டது. மேடையில் 'உற்பத்தித் தடங்கலிலிருந்து மீள்வது எப்படி' என்று முழங்கிக்கொண்டிருந்தவரும் அந்தப் பட்டறை முதலாளிதான். நான் அங்கே தரும் ரோல்ஸ் சாப்பிடப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் நான் ஸ்டோர் பொறுப்பாளன். பெரிய பதவி: பூட்டித் திறக்க ஒரு திறப்புக் கோர்வை, உட்காரக் கால் ஆடும் ஒரு கதிரை. பைபர் வள்ளம் கட்ட ரெசின் வேண்டும். பிசின் மாதிரி ஒரு திரவம், கப்பலில் வருவது. எங்களுக்கு அதைத் தந்தவர் கொழும்பில் ஒரேயொருவர், முதலாளியின் மைத்துனர். டொலர் தட்டுப்பாடு வந்ததும் மைத்துனர் கையை விரித்தார். குச்சவெளிக்காரர் ஒருவரின் வள்ளம் பாதியில் கிடந்தது. முதலாளி என்ன செய்தார்? வெள்ளைப் பலகை வாங்கி, திட்டம் என்று அம்புக்குறி போட்டார். அம்புக்குறியைப் பூசி வள்ளம் கட்டலாமென்றால் அந்த வருடம் நாங்கள் ஒரு கடற்படையே இறக்கியிருப்போம்.

கிண்ணியாவில் ரசீன் நானாவின் பட்டறை இருந்தது. எங்களுக்குப் போட்டி, விலையில் எங்களை விழுத்திவிடுவார். ஆனாலும் எவருடைய வள்ளமும் பாதியில் கிடக்கக் கூடாதென்பது இந்தப் பக்கத்துப் பட்டறைகளின் வழக்கம். இருப்பவர் கொடுப்பார், தன் சாமான் வந்ததும் வாங்கியவர் திருப்பிக் கொடுப்பார். மூதூர்ப் பட்டறைக்கு நாங்கள் கண்ணாடிநார் கொடுத்தோம். நானா எங்களுக்கு ரெசின் தந்தார்.

"எடுத்திட்டுப் போங்க தம்பி. உங்கட வந்தா எனக்குத் தாங்க."

முடங்கிய பட்டறைகள் எழும்பியது இப்படித்தான். மேடையில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

பிறகு கப்பலில் எங்கள் ரெசின் கொள்கலன் வந்தது. நானாவிடம் அப்போது ரெசின் தீர்ந்து, வெருகல்காரர்களின் வள்ளங்கள் பாதியில் நின்றன. மீன்பிடிப் பருவத்துக்கு முன் கொடுக்காவிட்டால் ஓடர் போய்விடும். தந்த ரெசின் பரல்களைத் திருப்பி வாங்க லாண்ட்மாஸ்டர் இழுவை வண்டியுடன் வந்தவரை முதலாளி வாசலிலேயே நிறுத்தினார்.

"இப்ப தர ஏலாது நானா. இனி எப்பவும் கையிருப்பு வைக்கவேணும். கொழும்பு வகுப்பில படிச்சனான்."

"அது என்ட ரெசின்தானே," என்றார் நானா, சத்தம் போடாமல்.

"பிறகு பாப்பம்."

ஓடர் போனது. நானா பட்டறையை மூடிவிட்டுக் கட்டாருக்குக் குழாய் பொருத்தப் போனார். முதலாளியின் அருமைக் கையிருப்பா? ரெசின் வெக்கை தாங்காத பண்டம். தகரக் கூரையின் கீழ் பரலுக்குள்ளேயே இறுகிவிட்டது. மூடியைத் திறந்து தடியை விட்டுப் பார்த்தேன், இறங்கவில்லை. இந்த மூளைக்குத்தான் கருத்தரங்கு மேடையில் பொன்னாடையும் கைதட்டலும்.

இப்போது நான் வேறொரு பட்டறையில் இருக்கிறேன். கருத்தரங்குக்கு மறுநாள் எங்களுக்கு ரெசின் தீர்ந்துபோனது. பழைய பழக்கத்தில் மூதூர்ப் பட்டறைக்காரருக்குப் போன் எடுத்தேன்.

"இரிக்கி தம்பி," என்றார் அவர். "ஆனா இப்ப ஒருத்தருக்கும் குடுக்கிறல்ல. நானாவுக்கு நடந்ததுக்குப் பொறகு அந்த வழக்கத்த எல்லாரும் விட்டாச்சு."

 பாதி வள்ளத்தைத் தார்ப்பாயால் மூடினோம். அதன் சொந்தக்காரர் தினமும் காலையில் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கூலிக்கு மீன்பிடிக்க இன்னொருவர் வள்ளத்தில் ஏறிப் போகிறார்.