முதலாளியின் நெற்றி எழும்பும் வரை

பொகவந்தலாவை பஜாரில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையின் முதலாளி முஸ்லிம். நெற்றி தரையில் பட விழுந்து வணங்குவதை அவர்கள் சுஜூது என்பார்கள். பள்ளிவாசலில் எல்லாரோடும் சேர்ந்து நேரத்துக்கு எழும்பிவிடுவார். கடையின் பின்னறையில் தனியாகத் தொழுதாலோ, ஒரு பானை சோறே வெந்துவிடும். ஒருதரம் கேட்டுவிட்டேன்.

"ஏன் மொதலாளி இம்புட்டு நேரம்?"

"நெத்தி கீழ இருக்கிறப்பதான் மனுசன் அல்லாஹ்வுக்கு ஆகக் கிட்ட இருக்கான். அவ்வளவு கிட்டப் போனவன் ஒண்ணும் கேக்காம வருவானா?"

போன மாசம் அவர் சம்சாரத்துக்குக் கண்டியில் வயிற்றுக் கட்டி ஆப்பரேஷன். மகன் கூடப் போயிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கத் தனக்குத் தைரியம் இல்லை என்று இவர் கடையைத் திறந்தார். திறந்தாரே தவிர, சீனி கேட்டவருக்கு உப்பை நிறுத்துக்கொண்டிருந்தார். லுஹர் என்னும் நண்பகல் தொழுகை நேரம் வந்ததும் போனை என் கையில் வைத்து, "மகன் கோல் எடுப்பான், கேட்டு வை" என்று பின்னறைக்குப் போனார்.

அவர் நெற்றி பாயில் இருந்தபோதுதான் போன் அடித்தது. "உம்மாக்கு நல்லா முடிஞ்சிருச்சு. கண் முழிச்சுத் தண்ணி கேட்டாங்க. வாப்பாகிட்ட சொல்லுங்க" என்றான் மகன்.

ஓடிப்போய்ப் பின்னறை வாசலில் நின்றேன். தொழுகிறவருக்குக் குறுக்கே போகக் கூடாது. கூப்பிட்டாலும் அவர் பேச மாட்டார். கேட்டது கிடைத்தாயிற்று, மனுஷன் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பருப்பு வாங்க வந்த, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "ஏந்தம்பி, காலையில வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுல நிக்கிற மாதிரி வெறைச்சுக்கிட்டு நிக்கிற?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அடப்பாவி! காதுல சொல்லேன். பாவம், வீணாக் கெஞ்சிக்கிட்டுக் கெடக்காரு."

"கூடாதுக்கா."

"அப்ப சாமிகிட்டயே சொல்லு, அவருகிட்ட சொல்லச் சொல்லி."

"ஒங்க பஸ் போயிரும்க்கா, பருப்ப நிறுத்துத் தரவா?"

"பஸ் கெடக்குது. இதப் பாக்காமப் போவேனா?"

முதலாளியின் முதுகு லேசாகக் குலுங்கியது.

ஒருவழியாக எழும்பி உட்கார்ந்தார், இருபக்கமும் திரும்பி சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா முடிஞ்சிருச்சாம் மொதலாளி. அம்மா தண்ணி கேட்டாங்களாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றவர், அப்படியே மறுபடி நெற்றியைப் பாயில் வைத்துவிட்டார். நன்றிக்கென்றே ஒரு சுஜூது உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"மறுபடியுமா!" என்றாள் அக்கா. "சரி, கேக்கத்தான் நேரமாவும். நன்றி சொல்ல எம்புட்டு நேரம்? இந்தா எந்திரிச்சிருவாரு."

எழும்பவில்லை. வெளியே பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போயிற்று. பருப்பை நிறுத்துக் கொடுத்தேன். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி கேட்டதுக்கே இப்புடின்னா, அந்தம்மா சோறு கேட்டா இவரு கடையத் தொறக்கவே மாட்டாரு போல" என்று முணுமுணுத்தபடி, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.