ஒன்பதரை அடி

போன வாரம் எங்கள் ஆபீஸில் ஒரு சின்னத் தகராறு.

விளையாட்டுப் பக்கத்துக்குப் புதிதாக ஒரு நிருபர் வந்திருக்கிறார். கல்லூரி அணி ஒன்று தோற்ற செய்தியை எழுதிக் கொடுத்தார். ஆறு வரி. கடைசி வரி இப்படி முடிந்தது: ‘முக்கியமான கட்டத்தில் பயந்து பதறியதால் அணி தோல்வியைத் தழுவியது.’

அந்த வரியை அடித்தேன்.

"ஏன் சார்?"

"பயந்தாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"பார்த்தாலே தெரிஞ்சுது சார். கையில இருந்த மேட்ச். வேற என்ன காரணம் இருக்க முடியும்?"

ஸ்கோரை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்துவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். அன்று முழுக்க என் மேஜைப் பக்கம் வரவில்லை. என்ன செய்வது? ஒருவன் பயந்துவிட்டான் என்று அச்சில் போட என் கை வராது. அதற்குக் காரணம் தென்காசியில் இருக்கிறது. பத்துப் பதினோரு வருடம் பழைய காரணம்.

எழுபதுகளின் பிற்பகுதி. தென்காசியில் நான் படித்த கல்லூரி ரொம்பச் சின்னது. அங்கே ஒரு காலத்தில் பாஸ்கெட்பால் டீம் இருந்தது என்பதற்கு இரண்டே சாட்சிகள் — ஆபீஸ் அறைச் சுவரில் மங்கிப்போன ஒரு போட்டோ. கட்டடத்துக்குப் பின்னால் துருப்பிடித்த இரண்டு கம்பங்கள். உடற்பயிற்சி ஆசிரியர் ஓய்வு பெற்றார். வேறு ஆள் போடவில்லை. டீம் தானாகக் கரைந்துபோனது.

மைதானம் மட்டும் சும்மா கிடக்கவில்லை. பக்கத்து வயல்காரர் பரமசிவம் அண்ணாச்சி அதில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் பந்தோடு போய் நின்ற முதல் நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏலே, இம்புட்டு வருசமா இல்லாத பந்து இப்பம் எங்கேருந்துலே வந்துது?"

"டீமைத் திரும்ப ஆரம்பிக்கோம் அண்ணாச்சி."

"ஆரம்பிங்க, வேண்டாங்கல. பந்து நெல்லுல விழாமப் பாத்துக்கிடுங்க. நாளைக்குச் சோத்துல ரப்பர் வாசம் அடிச்சா ஒங்க வீட்டுக்குத்தான் குடுத்து அனுப்புவேன்."

ஒப்பந்தம் ஆனது. பகல் வெயில் நெல்லுக்கு. சாயங்காலம் எங்களுக்கு.

எங்களில் ஆட்டம் கைவந்தவன் இசக்கி ஒருத்தன்தான். வடகரைக்காரன். அவன் அப்பா குத்தகைக்கு வயல் பார்த்தார். தினமும் சைக்கிள் மிதித்து வருவான். ஒல்லி, நீளமான கை, அதிகம் பேசாத வாய். அவனைக் கேப்டன் ஆக்கினோம். நான் செயலாளர். அதாவது ஆட்டம் சுமார், கையெழுத்து பரவாயில்லை. நோட்டுப் போட்டு எல்லாவற்றையும் எழுதி வைப்பது என் வேலை. பொறுப்பாளர் என்று கெமிஸ்ட்ரி சாரைப் போட்டிருந்தார்கள். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் அவரிடம் எதையும் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. பாஸ்கெட்பாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதையே அவர் எங்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

பழைய போர்டுகளைச் செல் அரித்திருந்தது. செங்கோட்டை மர அறுவை மில்லில் கழித்துப் போட்ட பலகைகளைக் கெஞ்சி வாங்கி வந்து, உயரம் அளந்து புதிதாக அடித்தோம். நெட் கிடையாது. ஒரு ரப்பர் பந்து, ஒரு தோல் பந்து. தோல் பந்து சாரலில் நனைந்தால் பூசணிக்காய் மாதிரி கனக்கும். எல்லாவற்றையும் சமாளித்தோம்.

தண்ணீரைத்தான் சமாளிக்க முடியவில்லை. குற்றாலத்தில் சீசன் என்றால் ஊர் உலகத்துக்கெல்லாம் கொண்டாட்டம். எங்களுக்கு? ஆனி பிறந்தால் நாள் முழுக்கச் சாரல். ரிங்குக்குக் கீழே முழுதாக ஒரு குளம். நெல் காயப்போட்டுக் காயப்போட்டு மைதானத்தின் இரண்டு முனையும் பள்ளமாகியிருந்தன.

மண் அடிக்கலாம் என்றேன். யோசனை என்னுடையது.

செம்மண்ணைக் கூடையில் சுமந்து வந்து கொட்டினோம். ரிங்குக்குக் கீழே தொடங்கி, நின்று குறி பார்த்து எறிகிற ஃப்ரீ த்ரோ கோட்டைத் தாண்டி ஐந்தாறு அடி வரைக்கும் பரப்பினோம். ரோடு போடுகிறவர்களிடம் திமிசுக் கட்டையை இரவல் வாங்கி இடித்து இறுக்கினோம். தண்ணீர் நிற்கவில்லை. அடுத்த வருடம் சீசனுக்கு முன்னால் மறுபடி. சாரலில் கரைந்தது போகட்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே அடித்தோம். மூன்றாம் வருடமும் அப்படியே.

அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. "இப்பந்தாம்ல களம் களமா இருக்கு. நல்லா மேடாக்கிட்டிய" என்றார்.

அந்த மூன்று வருடத்தில் எங்கள் ஆட்டமும் தேறியது. எறிந்த பந்து விழுந்தது. இசக்கி ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றால் நாங்கள் பந்தைப் பார்ப்பதே இல்லை, நான் ஸ்கோரை எழுதிவிடுவேன். சிவகிரியில் இருந்து ஒரு டீம் வந்து ஆடித் தோற்றது. போகும்போது அவர்களில் ஒருவர் சொன்னார்: "ஒங்க ரிங்கு நல்லா வாங்குதுவே."

எங்களைப் புகழ்கிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

கம்பத்தின் அடியில் அரையடி உயரத்துக்கு ஒரு சிமென்ட் பீடம் இருந்தது. முதல் வருடம் ஷூ கயிறு கட்ட அதன்மேல் காலைத் தூக்கி வைப்போம். மூன்றாம் வருடம் எல்லோரும் தரையில் குத்தவைத்துத்தான் கட்டினோம். பீடம் எங்கே போயிற்று? யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் எழுதி வைக்கிற நானும் கேட்கவில்லை.

அதுவரை எங்களை வெளியூர் மேட்சுக்கு அனுப்ப நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. அந்த வருடம் வந்தது. மதுரையில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அது முடிந்ததும் பல்கலைக்கழக டீமுக்கான தேர்வு. எங்களுக்கெல்லாம் அது ஒரு பயணம். இசக்கிக்கு அப்படி இல்லை. அவனுக்கு அது கடைசி வருடம். பல்கலைக்கழக டீமில் ஆடிய சர்ட்டிபிகேட் இருந்தால் விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். இல்லாவிட்டால் குத்தகை வயல்தான். அவன் அப்பா அந்த ஒரு காரணத்துக்காகத்தான் மூன்று வருடம் அறுப்புக்குக்கூட அவனைக் கூப்பிடாமல் விட்டிருந்தார்.

மதுரையில் சிமென்ட் தரை. கோடெல்லாம் பெயின்ட். முதல் மேட்சிலேயே தோற்றோம். அது பெரிய விஷயம் இல்லை. மறுநாள் காலை தேர்வில் இசக்கியைக் கோட்டில் நிற்க வைத்துப் பத்துப் பந்து எறியச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு எட்டுப் போடுகிறவன்...

இரண்டு விழுந்தது.

தேர்வாளர் ஒருவர் தலையை ஆட்டினார். "சின்ன ஊர்ப் பையன். கூட்டத்தைப் பார்த்துப் பயந்துட்டான்." கெமிஸ்ட்ரி சாரும் ஆமாம் என்றார். பஸ்ஸில் வரும்போது எங்கள் பையன்களும் அதையே சொன்னார்கள். இசக்கி மறுக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தான். ராஜபாளையம் தாண்டியதும் ஒரே ஒரு வாக்கியம் பேசினான்: "பயந்துட்டம்போலலே."

என் மடியில் நோட்டு இருந்தது. தவறிய ஒவ்வொரு பந்துக்கும் ஓர் எழுத்துப் போடுவேன். வளையத்தின் முன் விளிம்பில் பட்டால் ‘மு’. பின்னால் போனால் ‘பி’. இடது, வலது என்றால் ‘இ’, ‘வ’. இசக்கியின் வரிசையைப் பார்த்தேன். மு, மு, மு, மு... எட்டும் ‘மு’. முதல் நாள் மேட்சின் பக்கத்தைப் புரட்டினேன். டீம் முழுக்க, ஏறக்குறைய எல்லாமே ‘மு’.

பயந்தவன் கை நடுங்கும். பந்து இடது போகும், வலது போகும், போர்டுக்கு மேலேயும் போகும். ஏழெட்டுப் பேர் ஒரே அளவாகப் பயந்து, எல்லோருக்கும் பந்து ஒரே இடத்தில் குறைந்து விழுமா?

மறுநாள் விடிந்ததும் ஹாஸ்டல் தச்சரிடம் நீள டேப் வாங்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். ஏணி போட்டு ஏறி இரண்டு முனையையும் அளந்தேன். வளையம் பத்தடியில் இருக்க வேண்டும். ஒன்பதரை அடியில் இருந்தது. ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்தேன். கம்பத்தின் அடியில் தோண்டிப் பார்த்தேன். பீடம் அங்கேதான், மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது.

நாங்கள் முன்னேறியதாக நினைத்தோம். மண்தான் உயர்ந்திருந்தது.

உடனே ஓடிப்போய் இசக்கியிடம் சொன்னேனா? இல்லை. இரண்டு நாள் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் அவன் கல்லூரிக்கு வரவில்லை. டீம் பெட்டியில் இருந்து எடுத்த கேன்வாஸ் ஷூவை யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தான். துவைத்துக் காயவைத்து, கயிற்றை உள்ளே சுருட்டி வைத்து...

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் பிடித்தேன். உடம்பெல்லாம் எண்ணெயோடு, மெயின் அருவிக்குப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தான். அருவிச் சத்தத்தில் ரகசியம் பேச முடியாது. என் குற்றத்தை நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. குளிக்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நம்ம ரிங்கு ஒம்போதரை அடிதாம்லே இருக்கு!"

"யாரு சொன்னா?"

"நாந்தாம்லே அளந்தேன். மூணு வருசமா அடிச்ச மண்ணு. அரையடி ஏறியிருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ நான் பயப்படலையா?"

"இல்லலே."

எண்ணெய் வழிந்து அவன் கண்ணுக்குள் போனது. துடைக்கவில்லை.

"எங்கய்யாட்ட பயந்துட்டேன்னு சொல்லிட்டேனேலே... மூணு நாளா எம் மொகத்தப் பாக்க மாட்டேங்காவ."

வேலை போனதை அவன் பேசவில்லை. அப்பாவைப் பற்றித்தான் பேசினான்.

தேர்வுக் குழுவுக்கு அளவு விவரங்களோடு ஒரு கடிதம் எழுதினேன். கெமிஸ்ட்ரி சார் கையெழுத்துப் போட்டார் — இந்த முறை படித்துப் பார்த்துவிட்டு. பட்டியல் போய்விட்டது, வருந்துகிறோம் என்று பதில் வந்தது. மரியாதையான பதில்தான். வளையங்களை அரையடி ஏற்றி மாட்டினோம். முதல் ஒரு மாதம் ஒரு பந்து விழவில்லை. பிறகு விழுந்தது. அடுத்த வருடம் எங்கள் கல்லூரியில் இருந்து ஒருவன் பல்கலைக்கழக டீமுக்குப் போனான். அதற்கு அடுத்த வருடம் இரண்டு பேர். ஊரில் எல்லோரும் டீம் பிழைத்துக்கொண்டது என்றார்கள். உண்மைதான். இசக்கி அப்போது செங்கோட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் சிட்டை எழுதிக்கொண்டிருந்தான். இப்போதும் அங்கேதான் இருக்கிறான்.

தோற்றவனிடம் குறை தேடுவது நமக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அவன் எங்கே நின்று பழகினான் என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ‘பயந்துவிட்டான்’ என்று நாலு பேர் சொன்னால் போதும். ஐந்தாவதாக அவனே சொல்ல ஆரம்பித்துவிடுகிறான்.

ஒன்றை மட்டும் இதுவரை நான் எங்கும் எழுதவில்லை.

வளையத்தை ஏற்றி மாட்டுவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், இசக்கி தன் அப்பாவைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தான். அவர் அதுவரை கல்லூரிக்குள் வந்ததில்லை. டேப்பின் சுருளைத் தரையில் பிடிக்கச் சொல்லிவிட்டு, முனையோடு இசக்கி ஏணியில் ஏறினான்.

"பத்தடி இருக்கணும்யா. எத்தன இருக்குன்னு பாருங்க."

அவர் டேப்பைப் பார்த்தார். வளையத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் மண்ணை அழுத்தினார். இரண்டடி தள்ளிப் போய் மறுபடி அழுத்தினார்.

"தண்ணி நிக்க எடத்துல வாய்க்கா வெட்டி வடிய விடுவாங்களா, மண்ணக் கொண்டாந்து அடிப்பாங்களா? எந்தக் கிறுக்கன்லே இந்த யோசனையச் சொன்னது?"

நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். இசக்கி என் பக்கம் திரும்பவில்லை.

"எல்லாருந்தாம்யா சொன்னோம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். ஏணியில் நின்ற மகனை நிமிர்ந்து, முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"இனி யார்ட்டயும் பயந்துட்டேன்னு சொல்லாத."

இசக்கியின் அப்பா வடகரையில் நன்றாக இருக்கிறார். இந்தப் பத்தியை யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள். பத்திரிகையில் தவறு வந்தால் திருத்தம் வெளியிடுவது எங்கள் வழக்கம். இதையும் அப்படியே வைத்துக்கொள்ளட்டும் — எல்லாரும் இல்லை ஐயா, அந்தக் கிறுக்கன் நான் ஒருத்தன்தான்.