ஊசிக்கும் மாமன் மடிதான்

தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம், கணவருக்கு மில்லில் ஷிப்டு வேலை. எங்கள் மகளுக்கு நாலு வயதில் ரத்தப் புற்றுநோய் என்று மதுரையில் சொன்னார்கள். பிழைக்க வைத்துவிடலாம், பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார் டாக்டர்.

மருந்து ஏற ஏற முடி கொட்டியது. அவளுக்கு அது பெரிதில்லை, ஊசிதான் எமன். கையை உதறிவிடுவாள். நரம்பு கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்துவார்கள். அடுத்த தடவை கிளம்பும்போது கட்டில் காலைக் கட்டிக்கொண்டு, வரவே மாட்டேன் என்றாள். "போதும், புள்ளைய வதைக்க வேண்டாம்" என்று கணவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கும் மனசு ஆடிப்போனது.

ஆலங்குளத்தில் இருந்த என் அண்ணனுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அண்ணி மாசமாக இருந்தார், பயந்துவிடுவாரே என்றுதான். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் எங்களைப் பார்த்த யாரோ, பிள்ளைக்கு மொட்டை எடுத்தாச்சே என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கம் முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில்தான் நடக்கும். என் மகளுக்கு அது இன்னும் நடந்திருக்கவில்லை. மாமனை விட்டுவிட்டு மொட்டை எடுத்தால் உறவே அறுந்துபோகும்.

அண்ணன் வாசலில் நின்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

"ஏட்டி, எம் மடியில உக்கார வைக்காம புள்ளைக்கு மொட்டை எடுத்திருக்கியே, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"கையக் காலக் கழுவிட்டு உள்ள வாண்ணே, சொல்லுதேன்" என்று சோப்பை நீட்டினேன். பிள்ளைக்குக் கிருமி ஒட்டக் கூடாதே! அந்தக் கோபத்திலும் திட்டிக்கொண்டே முழங்கை வரை தேய்த்துக் கழுவினார்.

விஷயத்தைச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

"தாயி, முடிதான் மாமனுக்குத் தெரியாமப் போயிட்டு. இனி ஊசின்னா எம் மடியிலதான். வேற யாரு மடியிலயும் உக்காரக் கூடாது, சொல்லிட்டேன்."

அன்றைக்கே எங்களோடு மதுரைக்கு பஸ் ஏறினார். ஆம்பளைக்கு உள்ளே இடமில்லை என்ற நர்சம்மாவிடம் சண்டை போட்டுத்தான் நுழைந்தார். ஊசி இறங்கியபோது மகள் அழுதாள், ஆனால் கையை உதறவில்லை. அவளைவிட அண்ணன்தான் சத்தமாக அழுதார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வைத்தியம் முடிகிறவரை லீவு போட்டு லீவு போட்டு வந்துகொண்டே இருந்தார் மனுஷன்.

மகள் பிழைத்துவிட்டாள். இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். சொந்தக்காரர் யாராவது "எனக்கு ஏன் சொல்லலை" என்று சண்டைக்கு வந்தால் எனக்குக் கோபமே வருவதில்லை. நம் கஷ்டத்தில் பங்கு கேட்டு வாசலில் நின்று கத்த ஓர் ஆள் இருப்பதைவிட வேறென்ன கொடுப்பினை வேண்டும்!