கேசட்டின் கடைசியில் ஒரு சிரிப்பு

யாங்கோனின் கியாக்டடாவில், சூலே பகோடாவிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் சந்து ஒன்றில், ஒரே கதவுக்குள் இரண்டு கடைகள் இருந்தன. முன்பாதி யாசருடையது: போன் உறைகள், சார்ஜர்கள், மின்வெட்டுக்கு வேண்டிய பேட்டரிகள். பின்சுவர் சாயிமாவுடையது. தரையிலிருந்து கூரைவரை அதில் கேசட்டுகள்தான். யாசர் அவளுடைய இறந்துபோன கணவர் காஜா மைதீனின் தம்பி. இருவரும் நாளெல்லாம் ஒரே கூரைக்குள் இருந்தார்கள். பேசினால் குத்துவதற்காகத்தான் பேசினார்கள்.

சுவரில் இருந்தவை எல்லாம் அமெரிக்க கன்ட்ரி பாட்டுகள். தொண்ணூறுகளில் கப்பல்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தவை. அமெரிக்காவில் தொப்பி வைத்த சில பாட்டுக்காரர்கள் மினுக்கு இசையைத் தள்ளிவிட்டு, பிடிலையும் ஸ்டீல் கிடாரையும் மறுபடி முன்னால் கொண்டுவந்த காலம் அது. காஜா மைதீன் ஆல்பங்களிலிருந்து நல்லதாகப் பொறுக்கித் தொகுப்புக் கேசட் போட்டு லாரிக்காரர்களுக்கு விற்றார். பொறுக்கியவள் சாயிமா. கப்பல் கம்பெனி குமாஸ்தாவின் மகளான அவளுக்கு ஆங்கிலம் புரியும். "இவன் நெசமா அழுவுறான், இவன் வெங்காயம் உரிக்கிறான்" என்று தள்ளிவிடுவாள். இப்போது டாக்சிக்காரர்கள் எப்போதாவது வந்து அந்தப் பாட்டுகளை மெமரி ஸ்டிக்கில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவ்வளவுதான் வியாபாரம்.

"மதினி, தடின்ஜூட் பண்டிகைக்கு விளக்கு ஏத்துறதுக்குள்ள இந்தச் செவுத்துக்கு நெலையா ஒரு கிராக்கியக் கொண்டாங்க," என்றான் யாசர். "இல்லாட்டி நான் அங்க சோலார் பலகை மாட்டிருவேன்."

"ஒன் மண்டையில மாட்டு. உள்ள கொஞ்சம் வெளிச்சமாவது வரும்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குப் பயம்தான். கடை அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருந்தது. அண்ணன் இல்லை. பிள்ளைகளும் இல்லை. சுவர் போனால் காலையில் எழுந்து போக அவளுக்கு இடமில்லை.

யாசருக்கு அவள்மேல் இருந்த வெறுப்பு பழையது. யாங்கோனில் வெள்ளைக்காரன் மெட்டுக்குப் பர்மிய வார்த்தை போட்டுப் பாடுவதைக் காப்பி பாட்டு என்பார்கள். ஊரே அதைத்தான் கேட்கும். அசல் ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. இருபது வயதில் யாசரும் அப்படி ஒரு பாட்டுப் பாடினான். வீட்டுப் பின்னறையில், அந்த அமெரிக்கர்கள் மாதிரி வியர்க்க வியர்க்கக் கம்பளித் தொப்பி வைத்துக்கொண்டு பாடினான். கடைசி இழுப்பில் குரல் நடுங்கியபோது வாசலில் நின்ற புது மருமகள் சாயிமா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரிப்பும் டேப்பில் ஏறிவிட்டது. கிடார்க்காரன் படகுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டதால் மறுபடி எடுக்க முடியவில்லை. காஜா மைதீன் அதை வீணாக்க மனமில்லாமல், ஒரு அமெரிக்கத் தொகுப்பின் கடைசியில் மிச்சமிருந்த டேப்பில் ஒட்டி விற்றுவிட்டார்.

யாசர் அதற்குப் பிறகு பாடவில்லை. இப்போது பள்ளிவாசல் கமிட்டியில் இருக்கிறான். கல்யாண வீடுகளில் பாட்டுப் போட்டால் எழுந்து வந்துவிடுவான்.

மழை குறைந்த ஒரு வாரத்தில், க்யிம்யிண்டைங் படகுத்துறை அருகே புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறந்திருந்த உ தெய்ன் மாவுங் என்ற பர்மியர் வந்தார். முன்பு ப்யே சாலையில் லாரி ஓட்டியவர். அப்போது லாரியில் கேட்ட காஜா மைதீனின் தொகுப்பு அப்படியே வேண்டும், பிடித்திருந்தால் மாதா மாதம் புதிய தொகுப்பு வாங்குவேன், துறையில் இருக்கும் மற்றக் கடைக்காரர்களையும் அனுப்புவேன் என்றார். சாயிமா பழைய கேசட்டைத் தேடி எடுத்து எல்லாப் பாட்டையும் ஏற்றிக் கொடுத்தாள். ஒன்றைத் தவிர. யாசரின் குரலைத் தன் கையால் ஊருக்குள் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாளே அவர் திரும்பி வந்து மெமரி ஸ்டிக்கைப் போன் உறைகளுக்கு நடுவில் விட்டெறிந்தார்.

"ஏமாத்துறியாம்மா? இது போலி!" என்று பர்மியத்தில் கத்தினார். "கடைசிப் பாட்டே இல்ல. அந்த மெட்டை நடுவுல எவனோ வெள்ளைக்காரன் பாடுறான். நம்ம பாட்டைத் திருடிப் பாடுறான், அதுலயும் அந்தச் சிரிப்பு இல்ல!"

"அவன் பாட்டுதான் அசல்," என்றாள் சாயிமா.

"அசல்னா சிரிப்பு எங்க? கடைசியில ஒரு பொம்பள சிரிப்பா. அந்தச் சிரிப்புக்காக டேப்பை ஓட்டி ஓட்டிக் கேப்பேன். ராத்திரியில தூக்கம் வந்தா அதுதான் எழுப்பும். எனக்குத் தெரியாதா?"

யாசரின் முகம் சுண்டிப்போனது. "அப்படி டேப்பே கெடையாது," என்று முந்திக்கொண்டான். பிறகு தமிழில், "மதினி, இல்லன்னு சொல்லுங்க."

பல வருடத்தில் முதல்முறையாக இருவருக்கும் ஒரே ஆசை. அந்தப் பாட்டு வெளியே வரக்கூடாது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உ தெய்ன் மாவுங் போய்விடுவார். அவரோடு சுவரும் போய்விடும். சாயிமா யாசரைப் பார்த்தாள். அவன் கண் அதற்குள் சுவரை அளக்க ஆரம்பித்திருந்தது.

அவள் ஸ்டூலில் ஏறி, அந்தக் கேசட்டை எடுத்துப் பேட்டரி டேப் ரிக்கார்டரில் போட்டாள்.

பிடில் வந்தது. பிறகு இருபது வயது யாசர் வந்தான். குரல் மோசமில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கடைசி இழுப்பு நடுங்கியது; அதன்மேல் ஒரு இளம்பெண்ணின் சிரிப்பு, மூச்சு முட்ட. உ தெய்ன் மாவுங் இரண்டு கையையும் தட்டினார்.

"இதுதான்! இதுதான் அசல்!"

"பாடினவரு இவருதான்," என்று சாயிமா யாசரைக் காட்டினாள்.

அவர் யாசரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். யாசர் பேட்டரிப் பெட்டிகளுக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவில் நசுங்கினான். மாதா மாதம் வருவதாகச் சொல்லிவிட்டு அவர் புதிய பதிவோடு கிளம்பினார்.

"டேப்பைக் குடுங்க மதினி."

"செவுத்துல கை வச்சுப் பாரு. வெள்ளிக்கெழம ஜும்ஆ தொழுக விட்டு ஆளுங்க வரும்போது இத வாசல்ல போடுவேன்."

"ஒங்களுக்கு அல்லா பயம் இல்லையா?"

"ஒனக்கு இருந்தா, விதவையோட செவுத்த அளந்திருக்க மாட்ட."

"என் பாட்டாலதான் அந்தாளு வந்தாரு. அத மறந்துறாதீங்க."

"என் சிரிப்பாலடா. காது இருக்குல்ல?"

அந்த வாரமே யாசர் ஆள் கூட்டிவந்து கடையின் குறுக்கே ஒட்டுப்பலகைத் தடுப்பு அடித்தான். ஓரத்தில் ஒரு ஆள் நுழைய வழி விட்டிருந்தான். இனி ஒங்க மூஞ்சியில முழிக்க வேண்டியதில்ல என்றான். அவன் ஆணிப் பெட்டியையும் மிச்சச் சட்டங்களையும் மறந்துவிட்டுப் போயிருந்தான். சாயிமா அவற்றை எடுத்து, தடுப்பின் தன் பக்கத்தில் கேசட் வைக்க ஒரு சட்டம் அறைந்தாள். பிறகு இன்னொன்று. இடமில்லாமல் மூட்டையில் கிடந்த கேசட்டுகளைத் துடைத்து அடுக்கத் தொடங்கினாள்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"என்ன சத்தம் அங்க?"

"புதுச் செவுரு தம்பி," என்றாள் சாயிமா. "நீ கட்டிக் குடுத்தது."