மிஸி தெரிந்தெடுத்த றக்கற்

தராசில் நிறுத்துத் தந்த கத்தரிக்காயைக்கூட அருமைநாயகி மிஸி உள்ளங்கையில் இரண்டுதரம் ஏந்திப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவார். அகப்பை வாங்கினால் அதை ஒற்றை விரலில் நிறுத்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிப்பார். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். "சிரியுங்கோ. பாரம் எங்கை நிக்குதெண்டு தெரியாமல் நான் ஒண்டையும் கையிலை எடுக்கிறேல்லை" என்பார்.

பதினாறு வருடமாகச் சாவகச்சேரி ஆசுப்பத்திரியில் மருத்துவிச்சி. பிறந்தது உரும்பிராய். குள்ளமான உருவம், நடையோ ஓட்டத்தில் பாதி. பிறக்கும் பிள்ளை ஆணோ பெண்ணோ, "வாரும் துரை, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்" என்றுதான் வரவேற்பார். வலியில் துடிக்கும் பெண்களிடம், "நல்லாய்க் கத்துங்கோ. என்ரை பேரைச் சொல்லி மட்டும் கத்தாதேங்கோ, பிறகு அந்தப் பேரைப் பிள்ளைக்கு வைச்சுப்போடுவியள்" என்பார். துடிப்பவளுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

போன கார்த்திகை மழையில் மட்டுவிலுக்குப் பிரசவம் பார்க்கப் போனபோது, அவர் ஏறியிருந்த திருக்கல் வண்டி வெள்ளவாய்க்காலுக்குள் சரிந்தது. விழுந்த வேகத்தில் ஊன்றிய வலது கை மணிக்கட்டோடு முறிந்தது. எழும்பி முதலில் கேட்டது, "மாட்டுக்கு ஒண்டுமில்லையோ?" என்றுதான். முறிந்த கையைச் சேலைத் தலைப்பால் கழுத்தோடு கட்டிக்கொண்டு மிச்ச வழியை நடந்தார். அங்கே பெண்ணின் தாயைப் பக்கத்தில் இருத்தி, இப்படிப் பிடியுங்கோ, அப்படித் திருப்புங்கோ என்று வாயாலேயே பிள்ளையைப் பெறுவித்தார்.

ஆறு கிழமை மாக்கட்டு. பிரித்தபோது எலும்பு பொருந்தியிருந்தது, நம்பிக்கைதான் பொருந்தவில்லை. கதவுப் பூட்டைக்கூட இடது கையால் திறந்தார். வழுக்கும் பிள்ளையை ஏந்தும் நேரத்தில் கை விட்டுவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் விரல்கள் குளிர்ந்துபோகும். பிரசவ அறைக்குக் கொடிகாமத்திலிருந்து வேறொரு மருத்துவிச்சி வந்து போனார். மிஸி வெளியே புண்ணுக்கு மருந்து கட்டினார்.

"பங்குனி வரைக்கும் பாப்பம் மிஸி" என்றார் டொக்டர். "சரிவராட்டில் நிரந்தரமாய் ஒரு ஆளைக் கேட்டு எழுதத்தான் வேணும்." அவர் அதை மெதுவாகச் சொன்னதுதான் மிஸிக்கு அதிகம் நொந்தது.

டொக்டரின் மனைவி கனகாம்பிகை கடல் கடந்த ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர். நோயாளருக்குச் சமைக்கும் குசினிக்கும் பிரசவ அறைக்கும் நடுவே கிடந்த வெளியில் வலை கட்டி, பின்னேரங்களில் பட்மின்ரன் ஆட்டம் தொடங்கிவைத்தவர் அவர்தான். ஒரு பக்கம் டொக்டரும் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி வின்சன்றும். மறு பக்கம் தனக்கு ஒரு சோடி வேண்டுமென்று மிஸியை இழுத்துவிட்டார்.

"மருந்தெண்டு நினைச்சு ஆடுங்கோ மிஸி."

"மருந்து கசக்குதம்மா" என்றார் மிஸி, மூன்றாம் நாள். இரவல் றக்கற்றின் தலைப் பாரம் மணிக்கட்டை இழுத்தது. தலைக்கு மேலே வந்த பந்தையெல்லாம் கனகாம்பிகைக்கு விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

அடுத்த சனிக்கிழமை காலை ரயிலேறி யாழ்ப்பாணம் பெரிய கடைத் தெருவுக்குப் போனார். விளையாட்டுச் சாமான் கடைக்காரர் மரியரட்ணம் மூன்று றக்கற்றுகளை எடுத்து வைத்தார். முதலாவதைத் தடவிக்கொண்டே, "இதை எடுங்கோ மிஸி. அடிச்சால் இடிதான்" என்றார்.

"இடிக்கிறதுக்கு வீட்டிலை உலக்கை கிடக்கு."

இரண்டாவது ஈர்க்குப்போல இலேசாக இருந்தது. இரண்டுதரம் வீசிப் பார்த்தார். கை மகிழ்ந்தது, மனம் ஒப்பவில்லை. "வலைக்குக் கிட்ட நிண்டால் நல்லாய்த் தட்டும். பின்னுக்கிருந்து அடிச்சால் பந்து பாதி வழியிலை விழும், எதிரிலை நிக்கிறவை ஓங்கி அடிப்பினம். நாங்கள் இரண்டு பேராய் ஆடுறம், அண்ணை. ஒருக்கால் முன்னுக்கு நிக்கவேணும், ஒருக்கால் பின்னுக்கு ஓடவேணும். இரண்டுக்கும் உதவுறது தாங்கோ."

மூன்றாவது மெருகு மங்கியது. அதன் பெருமையைச் சொல்ல மரியரட்ணத்துக்கும் மனமிருக்கவில்லை. மிஸி அதை விரலில் நிறுத்தினார். தலைப்பக்கமும் சாயாமல் பிடிப்பக்கமும் விழாமல் நடுவிலே நின்றது. வீசியபோது தண்டு கொஞ்சம் வளைந்து கொடுத்தது. பிடி மட்டும் மெலிவு. "மெலிஞ்ச பிடியை இறுக்கிப் பிடிக்கவேணும். இறுக்கினால்தான் எனக்கு நோகுது" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். அதையே வாங்கி, வீட்டுக்கு வந்து பிடியிலே பருத்தி நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றினார். இப்போது கை தளர்வாகப் பிடித்தாலும் றக்கற் நழுவவில்லை.

அன்று பின்னேரம் காற்று விழுந்திருந்தது. பதினைந்துக்கு ஆடிய கடைசி ஆட்டம் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. டொக்டர் பந்தை மிஸியின் தலைக்கு மேலால் உயர அனுப்பினார். "விடுங்கோ, நான் எடுக்கிறன்" என்று கனகாம்பிகை ஓடி வருவதற்குள் மிஸி பின்னால் போய்விட்டார். கை தானாக மேலே போயிற்று. பந்து வின்சன்றின் தலையைத் தாண்டி, பின்கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது.

மிஸி அசையாமல் நின்றார். நோ வரும் என்று காத்திருந்தார். விரல் விரலாக மடக்கினார், நீட்டினார், மணிக்கட்டைத் திருப்பினார். ஒன்றும் வரவில்லை.

"நோகுதோ மிஸி?" என்றார் கனகாம்பிகை.

"இல்லையம்மா. நோகேல்லை." மூன்று மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்ற மூச்சு அப்போதுதான் முழுதாக வெளியே போனது. அடுத்த பந்தை வலையோரம் ஓடி மெல்லத் தட்டி விழுத்தினார், ஆட்டம் முடிந்தது. வின்சன்ற் றக்கற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதிலை என்ன இருக்கு மிஸி?"

"ஒண்டும் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதுதான் இருக்கு."

பொழுது படும் நேரம். குசினியிலிருந்து கொதிநீர்க் கேத்திலோடு வந்த பணிப்பெண் நல்லம்மா, வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். "டொக்டர் ஐயா, கச்சாயிலை இருந்து ஒரு பொம்பிளை வந்திருக்கு. தலைப்பிள்ளை. நோவு தொடங்கியிட்டுது. கொடிகாமத்து மிஸி நாலு மணி ரயிலிலை போயிட்டா."

டொக்டர் சப்பாத்தைத் தேடினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "மிஸி, உங்களுக்கு ஏலுமோ?"

மிஸி நல்லம்மாவின் கையிலிருந்த நிறை கேத்திலை வலது கையால் வாங்கிக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் பிரசவ அறைக்குள் போனார்.